இவளை யாருக்குத் தெரியும்?

ஸ்டுட்கார்ட்
12 ஒக்டோபர் 2024

அன்புள்ள பேர்பெச்சுவா அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் நோவு எப்படி இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கேட்க நினைத்திருந்தேன். அதற்குள் உங்கள் குரலும் என் குரலும் போட்டிக்கு ஏறிவிட்டன. கீழ்வீட்டு ஜெர்மன்காரி வந்து கதவைத் தட்டி, ஏதும் ஆபத்தா என்று கேட்டுவிட்டுப் போனாள். அதுதான் கடிதம். இதில் கத்த முடியாது. கத்தினாலும் தபால்காரருக்குக் கேட்காது.

என் மகள் தக்சாயினி வருகிற உயிர்த்த ஞாயிறன்று எர்லாங்கனில், உங்கள் தேவாலயத்தில் ஞானஸ்நானம் எடுக்கப் போகிறாள் என்பதை உங்கள் வாயால்தான் முதலில் அறிந்தேன். அவளைக் கேட்டால், "அம்மா, நேரில வந்து சொல்லுவம் எண்டு இருந்தனான்" என்கிறாள். இருபத்தேழு வயதுப் பெட்டையைக் கட்டிவைக்க ஏலாது. உங்கள் மகன் கிருபனைக் கட்டுவதற்காகத்தான் இதைச் செய்கிறாள் என்று எனக்கு விளங்குகிறது. கிருபன் நல்ல பிள்ளை, அதில் எனக்குக் குறையில்லை. அவளின் தகப்பன் செத்து எட்டு வருஷமாய் எனக்கென்று இருப்பவள் அவள் ஒருத்திதான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தத் தண்ணீருக்குள் என் பிள்ளைக்கு என்ன நடக்கும்? பழைய ஆள் செத்துப் புது ஆள் எழும்புவது என்று கிருபன் சொன்னான். அந்தப் பழைய ஆளைப் பெற்றவள் நான். கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

காலுக்கு நல்லெண்ணெய் போடுங்கள்.

அன்புடன்,
கமலநாயகி


எர்லாங்கன்
21 ஒக்டோபர் 2024

அன்புள்ள கமலா தங்கச்சிக்கு,

ஆண்டவர் துணையால் இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் மழை வருமுன் அறிவித்துவிடுகிறது, மற்றப்படி குறையில்லை. நீங்களும் அப்படியே இருக்க மன்றாடுகிறேன்.

உங்கள் கேள்விக்கு உடனே எழுத உட்கார்ந்தேன். எனக்கு ஊரில், பாசையூரில், பிறந்து ஒரு கிழமையில் தண்ணீர் வார்த்தார்கள். கிருபனுக்கு இங்கே. எனக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளைச் சட்டை, ஞானத்தாய் போடும் சங்கிலி, பிறகு கேக்கும் றோல்சும்தான். இத்தனை வயதுக்குப் பிறகு இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது.

பூசை முடிந்ததும் பங்குத்தந்தை பீலிக்ஸ் பாதரைப் பிடித்தேன். மனிதர் ஜெர்மன்காரர், இளம் ஆள். "இதை ஒருவரும் என்னிடம் கேட்பதில்லையே" என்று சந்தோஷப்பட்டு இருத்தி வைத்துக் கோப்பி தந்தார். ஆதிக் கிறிஸ்தவர்களுக்கு அந்தத் தண்ணீர் கல்லறையாகவும் இருந்ததாம், தாயின் வயிறாகவும் இருந்ததாம். இறங்குவது அடக்கம், எழும்புவது பிறப்பு. சாவது பாவம்தான், ஆள் அல்ல. பயப்பட வேண்டாம் என்று உங்களுக்குச் சொல்லச் சொன்னார்.

இன்னும் ஒன்றிரண்டு விஷயமும் சொன்னார். அதைப் பிறகு ஆறுதலாகப் பார்ப்போம்.

அன்புடன்,
பேர்பெச்சுவா


ஸ்டுட்கார்ட்
3 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலமும் அதுவே ஆகுக. இங்கே பேக்கரியில் எனக்குக் காலை வேலை தந்திருக்கிறார்கள். ஊர் எழும்பமுன் நான் எழும்பி மாவோடு நிற்கிறேன்.

சாவது பாவம் என்று பாதர் சொன்னதை மாவைப் பிசைந்து பிசைந்து யோசித்தேன். என் பிள்ளையிடம் தண்ணீரில் அமுக்குகிற அளவுக்கு என்ன பாவம் இருக்கிறது? சாப்பிடாமல் சாப்பிட்டேன் என்பாள். வாய் கொஞ்சம் நீளம். அதற்குத் தொட்டி தேவையில்லை, நானே போதும்.

பகிடி இருக்கட்டும். எனக்குப் பன்னிரண்டு வயதில் சிவதீட்சை தந்தார்கள். என்னைப் பெற்ற ஐயா என்னைக் கூட்டிப்போய் நிறுத்த, குருக்கள் என்னைப் பார்க்கவில்லை, ஐயாவைப் பார்த்துத்தான், "பிள்ளை எப்பிடி?" என்று கேட்டார். ஐயா சொன்னதைக் கேட்ட பிறகுதான் என்னிடம் திரும்பினார். உங்களுடையதிலும் அப்படி யாரும் யாரையும் கேட்பார்களா? மண்டபமும் சங்கிலியும் கேக்கும் இல்லாத காலத்தில், முதல் முதல் சேர்ந்த ஆட்கள் என்ன செய்தார்கள்? சொல்லக் கஷ்டம் என்றால் பாதரையே கேட்டு எழுதுங்கள். அவர் கோப்பியாவது தருவார்.

அன்புடன்,
கமலா


எர்லாங்கன்
24 நவம்பர் 2024

அன்புள்ள தங்கச்சி,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குளிர் தொடங்கிவிட்டது, பேக்கரிக்குப் போகும்போது கழுத்தை மூடுங்கள். பதில் பிந்தியதற்கு நான் காரணமில்லை. பாதர் எனக்காகவே நாள் குறித்து ஒரு டெர்மின் தந்து இருத்திப் படிப்பித்தார். வயோதிபர் இல்லத்தில் வேலை பார்த்து ஓய்வெடுத்தவளுக்கு இப்போது வீட்டுப்பாடம்.

ஆதியில் இது பெரிய காரியமாக இருந்திருக்கிறது. விரும்பி வந்தவரை உடனே தண்ணீரில் இறக்கவில்லை. பல இடங்களில் மூன்று வருஷம் வரைக்கும் கேட்பவராக இருக்க வேண்டும். வந்து கேட்கலாம், ஆனால் அப்பம் பிட்கும் நேரத்தில் வெளியே போய்விட வேண்டும். வேலையும் பார்ப்பார்கள். சிலை செய்கிறவர், சண்டைக்களத்தில் ஆட்களை வெட்டுகிறவர், சாத்திரம் சொல்கிறவர் எல்லோரும் அதை விட்டுவிட்டு வர வேண்டும்.

நீங்கள் கேட்டது அப்படியே இருக்கிறது, கமலா! கடைசியில் கூட்டிவந்தவரை நிறுத்தி, இவரை உனக்குத் தெரியுமா, விதவைகளை மதித்தாரா, நோயாளிகளைப் போய்ப் பார்த்தாரா என்று கேட்பார்களாம். மந்திரம் பாடமா என்பதைவிட அதுதான் முக்கியம். அந்தச் சாட்சிதான் இன்றைக்கு ஞானத்தாய், ஞானத்தந்தை என்று சுருங்கி, சங்கிலி போடும் ஆளாக வந்து நிற்கிறது.

பெண்கள் நகை கழற்றி, கூந்தலை அவிழ்த்துவிட்டு இறங்குவார்கள். தண்ணீர் ஓடுகிறதாகவும் குளிர்ந்ததாகவும் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தேங்கிய தண்ணீர். குளிர்ந்தது முடியாவிட்டால் சூடு காட்டியது. இறங்குகிற அளவுக்கு எதுவும் இல்லாவிட்டால் மூன்று தரம் தலையில் வார்த்தால் போதும். எழும்பிய பிறகு பாலும் தேனும் குடிக்கக் கொடுப்பார்கள். பாதருக்குப் பழைய முறையில் ஆசை. பெரியவர்களை உயிர்த்த ஞாயிறு விடியற்காலையில் தொட்டியில்தான் இறக்குகிறார்.

தக்சிக்கு ஞானத்தாயாக நிற்க என்னைக் கேட்டிருக்கிறாள். சரி என்றேன்.

அன்புடன்,
பேர்பெச்சுவா


ஸ்டுட்கார்ட்
2 டிசெம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன், பேக்கரியில் ஓய்வு நேரத்திலும் வாசித்தேன். பாண் ஒரு தட்டு கருகிவிட்டது. அதற்கு ஆதிக் கிறிஸ்தவர்கள்தான் பொறுப்பு.

சாத்திரம் சொல்கிறவருக்கு இடமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் போய்க் கேட்கிறவருக்கு? போன ஆவணியில் தக்சி பிறந்த நேரத்தை, "சும்மா தெரிஞ்சுகொள்ளத்தான்" என்று என்னிடம் கேட்டீர்களே, நான் அப்போது ஏன் என்று கேட்கவில்லை. பொருத்தம் எப்படி இருந்தது என்றாவது சொல்லியிருக்கலாம்!

தண்ணீர் விஷயத்தில் சூடு காட்டலாம் என்ற விதியை எழுதியது கட்டாயம் யாரோ ஒரு தாயாகத்தான் இருக்கும். ஆம்பிளைகள் ஆற்றோடும் குளிரோடும் நிறுத்தியிருப்பார்கள்.

சிரித்தாலும் உள்ளே ஒரு பயம் இருக்கத்தான் செய்கிறது. நகை கழற்ற வேண்டும் என்றதும் அவள் கையில் கட்டிவிட்ட நூல் நினைவு வந்தது. தகப்பனின் ஆண்டுத் திவசத்துக்குப் பிறகு பிள்ளையார் கோயிலில் கட்டியது. அதையும் கழற்றுவாளா?

இன்னொன்று. பேர்பெச்சுவா என்பது என்ன பெயர்? உங்களை முதலில் கண்ட நாளிலிருந்து கேட்க நினைத்து மரியாதைக்காக விட்டேன். இப்போது மரியாதை குறைந்துவிட்டது, சொல்லுங்கள்.

அன்புடன்,
கமலா


எர்லாங்கன்
20 டிசெம்பர் 2024

அன்புள்ள தங்கச்சி,

நத்தார் வாழ்த்துகள். இதோடு கேக் அனுப்புகிறேன். பிராந்தி விடவில்லை, பயப்படாமல் சாப்பிடுங்கள். சாத்திரி விஷயத்தைப் பற்றி எழுத மாட்டேன். பொருத்தம் நன்றாகத்தான் இருந்தது.

பேர்பெச்சுவா என்பவர் ஆபிரிக்காவில் கார்த்தேஜ் என்ற ஊரில், ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு முன் இருந்த பெண். இருபத்திரண்டு வயது, கையில் பால்குடிக் குழந்தை. அப்போது கிறிஸ்தவராவது குற்றம். ஞானஸ்நானம் எடுக்கமுன்பே பிடித்துவிட்டார்கள், பிடிபட்டிருக்கும்போதே எடுத்தார். அதன் பிறகு சிறையில் போட்டு, மிருகங்களுக்கு முன்னால் விட்டுக் கொன்றார்கள்.

சின்னவயதிலிருந்து இந்தக் கதை எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் கேட்டதால் பாதரிடம் முழுதாகக் கேட்டேன். அதில் ஒரு தகப்பன் வருகிறார், கமலா. அவர் கிறிஸ்தவர் அல்ல. திரும்பத் திரும்பச் சிறைக்கு வருகிறார். முதலில் கோபம். பிறகு, என் நரைத்த தலையைப் பார், உன் பிள்ளையைப் பார் என்று மகளின் கையைப் பிடித்து முத்தமிட்டுக் காலில் விழுகிறார். மகள் அவருக்காகத் துக்கப்படுகிறாள், ஆனால் மாறவில்லை.

அந்தத் தகப்பனின் பெயர் என்ன என்று கேட்டேன். கதையில் இல்லையாம். அவளோடு செத்தவர்களின் பெயரெல்லாம் இருக்கிறது, அவருடையது இல்லை.

இதை உங்களுக்கு எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அன்புடன்,
பேர்பெச்சுவா


ஸ்டுட்கார்ட்
11 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

புதுவருஷம் உங்களுக்கு நோய் நொடி இல்லாமல் அமையட்டும். கேக் நன்றாக இருந்தது. பிராந்தி இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

உங்கள் கதையை வாசித்துவிட்டு அழுதேன். எல்லோரும் அந்தப் பெண்ணுக்காக அழுவார்கள், நான் தகப்பனுக்காக அழுதேன். அந்த மனிதர் நான்தான் அக்கா. அவர் காலில் விழுந்தார், நான் தொலைபேசியில் கத்தினேன், அவ்வளவுதான் வித்தியாசம். பிள்ளையின் கதையில் நானும் பெயரில்லாத ஆளாகிவிடுவேனா என்றுதான் கவலை.

இருந்த இடத்தில் இருந்து யோசித்தால் விசர் வரும் என்று, இங்கே எங்கள் தெருக்கோடியில் இருக்கும் கத்தோலிக்கப் பங்கு அலுவலகத்துக்குப் போனேன். பொட்டோடும் தலைத்தொப்பியோடும் என்னைக் கண்டு அந்த அம்மா முதலில் வழி தெரியாமல் வந்தேன் என்று நினைத்தாள். என் மகள் கலியாணத்துக்காக ஞானஸ்நானம் எடுக்கிறாள், அதைப் பற்றி அறிய வேண்டும் என்றேன். அவள் சொன்னது: கலியாணத்துக்கு அது தேவையே இல்லையாம். ஆயரிடம் அனுமதி எடுத்தால் சைவப் பெண்ணும் உங்கள் தேவாலயத்தில் கலியாணம் கட்டலாமாம். எப்போதும் நடக்கிற விஷயமாம்.

பீலிக்ஸ் பாதர் உங்களுக்கு இதைச் சொல்லவில்லையா?

ஆறுதலாகப் பதில் எழுதுங்கள்.

கமலநாயகி


ஸ்டுட்கார்ட்
15 பெப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. முழங்காலா, கோபமா? உங்களுக்குச் சுகமில்லை என்றால் கிருபன் சொல்லியிருப்பான். ஆகவே முழங்கால் இல்லை.

போன கிழமை தக்சி வந்தாள். சாப்பாடு போட்டுவிட்டு நேரே கேட்டேன். "மாமி கட்டாயப்படுத்தினவவோ? உண்மையைச் சொல்லு."

சிரித்தாள். "அம்மா, அனுமதி எடுத்தாக் கட்டலாம் எண்டு எனக்கு முதலே தெரியும். பாதர் எனக்கும் சொன்னவர்."

"பேந்து ஏன் எடுக்கிறாய்?"

அப்போதுதான் சொன்னாள். தகப்பன் ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில் எதிரே ஒரு தேவாலயம் திறந்திருக்கும். என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அங்கே போய்க் கடைசி வரிசை வாங்கில் இருப்பாளாம். "ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை அம்மா. இருக்க விட்டவை." அவர் போன பிறகும் போயிருக்கிறாள். எர்லாங்கனுக்கு வேலைக்கு வந்தும் போயிருக்கிறாள். கிருபனைச் சந்தித்ததே அங்கேதானாம், முன்வரிசையில் இருந்தவன் திரும்பிப் பார்த்தானாம்.

எட்டு வருஷம் அக்கா. உங்கள் ஆதி ஆட்கள் கேட்டது மூன்று வருஷம். இவள் எட்டு வருஷம் கேட்பவளாக இருந்திருக்கிறாள், பக்கத்தில் படுத்த எனக்குத் தெரியாது. எனக்கு நோகும் என்று சொல்லவில்லையாம். நொந்தது. "நூலைக் கழட்டுவியோ?" என்று கேட்டேன். "நீங்கள் கழட்டினாத்தான் கழட்டுவன்" என்றாள்.

எழுதுங்கள். உங்களோடு சண்டை பிடிக்கவாவது எழுதுங்கள்.

கமலா


எர்லாங்கன்
2 மார்ச் 2025

அன்புள்ள கமலா,

சுகம் விசாரித்தீர்கள். உடம்பு சுகம்தான்.

பாதர் சொன்னவர். ஒக்டோபரில், அந்த முதல் நாளே. ஒன்றிரண்டு விஷயம் என்று நான் எழுதியது அதைத்தான். அனுமதி போதும் என்று தெரிந்தால் நீங்கள் அவளை மறித்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். மகன் வீட்டில் பூசையும் செபமாலையும் இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு. இதற்கு மேல் எழுத வெட்கமாக இருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

தக்சி தன் காரணத்தை என்னிடமும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. மருமகளாக வந்தால் போதும் என்றிருந்தேன். நீங்கள் எழுதித்தான் எனக்குத் தெரியும்.

பாதரிடம் போய், நான் ஞானத்தாயாக நிற்கத் தகுதியில்லை என்றேன். அவர் விடவில்லை. ஞானஸ்நானம் எடுத்த ஒருவர்தான் அந்த இடத்தில் நிற்கலாம், நீங்கள் நில்லுங்கள் என்றார். ஆனால் இந்தமுறை பழைய கேள்வியை எல்லோர் முன்னும் கேட்கப் போகிறாராம். இவளை யாருக்குத் தெரியும்? எப்படி வாழ்ந்தாள்? அதற்கு நான் என்ன சொல்ல? ஒன்றரை வருஷமாய் அவள் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்கிறாள். அவளுக்குச் சீனி எத்தனை கரண்டி என்று தெரியும். அதுதான் என் சாட்சி.

"அவளைத் தெரிந்தவர் யார்?" என்று பாதர் கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன். கிறிஸ்தவர் அல்ல என்றும் சொன்னேன். தெரிந்ததைச் சொல்வதற்கு ஞானஸ்நானம் தேவையில்லை என்றார்.

எழுதித் தருவீர்களா, கமலா? நான் வாசிக்கிறேன். மாட்டேன் என்றாலும் நான் கோபிக்க மாட்டேன்.

பேர்பெச்சுவா


ஸ்டுட்கார்ட்
6 ஏப்பிரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் கடிதம் கிடைத்த நாள் கோபத்தில் கிழிக்கப் பார்த்தேன். கிழித்தால் அடுத்த நாள் ஒட்டுகிற வேலையும் எனக்குத்தான் என்று விட்டேன். இப்போது கோபம் இல்லை. பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நீங்கள் ஒரு உண்மையை மறைத்தீர்கள், நான் ஒரு நூல் கட்டினேன்.

கீழே இருப்பதை நீங்கள் தமிழில் வாசியுங்கள், பிறகு கிருபன் ஜெர்மனில் சொல்லட்டும். நான் வாசித்தால் அழுவேன், அழுதால் எனக்கு மூக்கு ஒழுகும். விடியற்காலை என்பதில் எனக்குக் கஷ்டமில்லை, பேக்கரிக்கு எழும்புகிறவள்தானே. முதல் நாளே உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவேன். நூலை அங்கே வைத்து நானே அவிழ்ப்பேன். காலுக்கு எண்ணெயும் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
கமலா

தேவாலயத்தில் கூடியிருப்பவர்களுக்கு,

நான் சைவம். தீட்சை பெற்றவள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் சாமிக்கு விளக்கு வைப்பேன். மறைத்தேன் என்று பிறகு ஒருவரும் சொல்லக்கூடாது, அதுதான் முதலிலேயே சொல்கிறேன்.

இவளை எனக்குத் தெரியும்.

விதவையை மதித்தாளா என்று கேட்பீர்களாம். அந்த விதவை நான்தான். இவளுடைய தகப்பன் போன பிறகு நான் வீட்டை விட்டு வெளிக்கிடாமல் கிடந்தேன். இவள் என்னைத் திட்டவுமில்லை, தேற்றவுமில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, "அம்மா, கத்தரிக்காய் நல்லதோ எண்டு பாக்க எனக்குத் தெரியாது, நீங்களும் வாங்கோ" என்று சந்தைக்கு இழுத்துப் போனாள். கத்தரிக்காய் பார்க்க அவளுக்கு நன்றாகவே தெரியும்.

நோயாளியைப் பார்த்தாளா என்று கேட்பீர்களாம். பாரிசவாதம் வந்து தகப்பனுக்கு வலக்கை விழுந்துவிட்டது. மானஸ்தன், தாதிமார் முகத்தைத் தொட விடமாட்டார், தாடி வளர்ந்துகொண்டே வந்தது. அப்போது இவளுக்குப் பத்தொன்பது வயது. பலூன் ஊதி, அதில் சோப்பு நுரை பூசி, வெடிக்காமல் வழிக்கும் வரைக்கும் குளியலறையில் நின்று பழகினாள். வீடு முழுக்கப் பலூன் வெடித்த சத்தம். பிறகு போய்த் தகப்பனுக்குச் சவரம் செய்துவிட்டாள். கடைசி நாள் வரைக்கும் அவர் வழித்த முகத்தோடுதான் இருந்தார்.

குறையும் சொல்ல வேண்டும். சாப்பிட்டேன் என்று பொய் சொல்வாள். கோபம் வந்தால் கதைக்க மாட்டாள். எட்டு வருஷமாக உங்கள் கடைசி வாங்கில் இருந்ததைப் பெற்ற தாய்க்குச் சொல்லவில்லை. எனக்கு அதில் இன்னும் கவலைதான்.

பழைய ஆள் சாக வேண்டும் என்றால் அந்தப் பொய்களை எடுத்துக்கொள்ளுங்கள். பலூனில் பழகிய கையை விட்டுவிடுங்கள்.

தண்ணீருக்குச் சூடு காட்டுங்கள். அதற்கு விதி இருக்கிறது. இவளுக்குச் சட்டென்று தடிமனும் சளியும் பிடிக்கும். முன்வரிசையில் எனக்கு ஒரு இடம் வேண்டும். எழும்பி வருகிறவள் புது ஆள் என்றாலும் தலை ஈரமாகத்தான் இருக்கும். துவாயோடு நான் நிற்பேன்.

இவளைப் பெற்றவள்,
கமலநாயகி நவரத்தினம்